ஆறினால் ஓடும், சூடானால் நிற்கும்!

வாலிகண்டபுரத்தில் காரை நிறுத்த நல்ல காரணம் ஒன்று உண்டு: வாலீசுவரர் கோயில். சித்திரை வெயிலில் சில கார்கள் காரணமே சொல்லாமல் நின்றுவிடுகின்றன.

திருச்சியிலிருந்து கிளம்பி, பெரம்பலூரைத் தாண்டி இங்கே வருவதற்குள் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்திருக்கும். நான்குவழிச் சாலை, நூறை ஒட்டிய வேகம். சட்டென்று இழுவை போகும், டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரியும், வண்டி ஆஃப். செல்ஃப் எடுக்கும், ஸ்டார்ட் ஆகாது. பானட்டைத் திறந்துவைத்து அரை மணி நேரம் புலம்பினால், எதுவுமே நடக்காததுபோல ஒரே செல்ஃபில் பிடித்துக்கொள்ளும். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் விட்டால், "வண்டி நல்லாத்தானே சார் ஓடுது?" என்பார்கள். பொய்யில்லை. ஆறிய வண்டி நன்றாகத்தான் ஓடும்.

சூடானால் மட்டும் ஏன் நிற்கிறது? குளிர்ந்த இன்ஜினை ஈசியூ, அதாவது அதைக் கட்டுப்படுத்தும் கணினி, செல்லமாக நடத்துகிறது. பெட்ரோல் கொஞ்சம் கூடுதல், ஐட்லிங்கும் உயர்வு. எங்காவது ஒரு வாக்குவம் ஹோஸில் கசிவு இருந்தாலும் அந்தக் கூடுதலில் மறைந்துவிடும். சூடு ஏறியதும் சலுகைகள் நின்றுபோகும்; ஐட்லிங் 700, 800 சுற்றுக்கு இறங்கும். டோல்கேட் வரிசையில் மட்டும் அணைகிற வண்டியா? திராட்டில் பாடியில் படிந்த கரியிலிருந்து தேடலைத் தொடங்கலாம். நல்ல வேகத்தில் போகும்போதே அணைந்தால் கதை வேறு. அங்கே பெரும்பாலும் மின்சாரம்தான் குற்றவாளி.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி காலத்து டிரைவர்களுக்கு இதெல்லாம் பழகிய தொல்லை. பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியிருக்கும். சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகும், பம்ப் வெறும் காற்றை இழுக்கும். ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றுவார்கள், வண்டி கிளம்பும். துணி போட்டும் கிளம்பாவிட்டால் காயில், அதுவும் இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டரில் இருக்கும் கண்டென்சர். துணி வைத்தியம்போலத் தோன்றினாலும் அது ஒரு சோதனைதான். எந்த இடத்தைக் குளிரவைத்தால் உயிர் வருகிறதோ, நோய் அங்கே. இன்றைய வண்டியில் பம்ப் டேங்குக்குள் போய்விட்டது, பைப்பில் அழுத்தமும் அதிகம். அதனால் அந்த ஆவித் தொல்லை அரிது. ஆனாலும் "பெட்ரோல்ல எத்தனால் கலக்குறான் சார், அதான்" என்று எல்லாப் பழியையும் அங்கே போடுவது வழக்கமாகிவிட்டது. பழைய வண்டியின் ரப்பர் ஹோஸ்களை எத்தனால் கெடுக்கலாம். அரை மணியில் தானாகச் சரியாகிற கோளாறுக்கு அந்தப் பதில் போதாது.

நான் முதலில் சந்தேகப்படுவது கிராங்க் சென்சாரை. கட்டைவிரல் அளவுதான் இருக்கும். கிராங்கோடு சுற்றும் ஒரு பல்சக்கரத்தைப் பார்த்தபடி, இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று ஈசியூவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தத் தகவல் அறுந்தால் ஸ்பார்க்கும் இல்லை, பெட்ரோலும் இல்லை. பல வண்டிகளில் இதற்குள் இருப்பது மயிரிழைபோன்ற செம்புக் கம்பிச் சுருள். சூட்டில் விரியும்போது விரிசல் திறக்கும், ஆறியதும் சேர்ந்துகொள்ளும். இதில் வேடிக்கை, எரர் கோடே பதியாமல் போகலாம். சிக்னல் வரவில்லையா, இன்ஜினே சுற்றவில்லையா என்று ஈசியூவுக்கு எப்போதும் பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை.

பிடிக்க வழி இருக்கிறது. வண்டி நின்ற சூட்டிலேயே ஸ்கேனரை மாட்டி, செல்ஃப் அடித்து லைவ் டேட்டாவில் ஆர்பிஎம் பார்க்க வேண்டும். இருநூறு அளவில் காட்டினால் சென்சார் பிழைத்திருக்கிறது. பூஜ்யம் என்றால், சென்சார்மேல் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடி அடிக்கலாம். உடனே பிடித்துக்கொண்டால் சந்தேகம் ஏறக்குறைய தீர்ந்தது. ஆர்பிஎம் சரியாக வந்தும் ஸ்டார்ட் ஆகவில்லையா? பிளக்கில் கரண்ட் வருகிறதா பார்க்க வேண்டும். வந்தால், சாவியைத் திருப்பிவிட்டுப் பின்சீட் பக்கம் காது கொடுங்கள். பம்ப் இரண்டு நொடி ரீங்கரிக்கும். சத்தமில்லை என்றால் பம்பு, அல்லது சூட்டில் சால்டரிங் விட்டுப்போகிற ரிலே. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போதே இது நடக்கிறதென்றால் பம்பின்மேல் சந்தேகம் கூடும். அதைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். டேங்குக்குள் காற்று போகும் வழி அடைத்திருக்கிறதா என்று அறிய, மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்று உள்ளே போகிறதா என்றும் கவனிக்கலாம். டீசல் வண்டிக்கு இந்தப் பட்டியல் பாதி பொருந்தாது. அது தனிக் கட்டுரை.

இதில் எதுவும் பெரிய வித்தையில்லை. ஆனால் அத்தனையும் வண்டி நின்றிருக்கும் அந்த அரை மணிக்குள் நடக்க வேண்டும். என் கவலை அங்கேதான். புளியமரத்தடியில் கடை போட்டிருந்த மெக்கானிக்கால் அது முடிந்தது. வண்டி நின்ற இடத்துக்கே டூல்ஸ் பையோடு வருவார். நான்குவழிச் சாலை வந்து மரமும் போயிற்று, கடையும் சர்வீஸ் ரோட்டுக்கு உள்ளே ஒதுங்கிற்று. இப்போது நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் போன் போட்டு, ரீகவரி வண்டி வந்து, ஊர் போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் ஆறிவிடும். ஸ்கேனரை மாட்டுவார்கள். கோடு இல்லை. "டவுட்டுக்கு காயிலை மாத்திப் பாப்போம்." அடுத்த வாரம் பம்ப். அதற்கடுத்து திராட்டில் பாடி. ஒவ்வொரு முறையும் வண்டி ஜோராகக் கிளம்பிப் போகும், ஒவ்வொரு முறையும் காசு நம்முடையது. ஸ்கேனர் வந்தபிறகு நேரம் எவ்வளவோ மிச்சம் என்கிறார்கள் ஒர்க்‌ஷாப்காரர்கள், இருக்கலாம். சூடாகும்வரை காத்திருக்க ஸ்கேனருக்குத் தெரியாது, அதைப் பிடித்திருக்கும் பையனுக்கோ அவகாசம் கொடுப்பதில்லை. ஐடிஐ முடித்து வருகிற அவனுக்குப் பாகம் கழற்றும் வேகத்தில்தான் பெயர் கிடைக்கிறது.

ஓடும்போது நின்றால் முதலில் உயிரைப் பாருங்கள். பவர் ஸ்டியரிங் கனக்கும், பிரேக் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு இறுகிவிடும். விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, இடது ஓரம் ஒதுங்கி, ஹஸார்ட் போட்டுவிட்டு எல்லோரும் தடுப்புக்கு அப்பால் போய் நிற்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. பிறகு குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை கிலோமீட்டரில் நின்றது, ஏசி போட்டிருந்ததா, எவ்வளவு நேரத்தில் கிளம்பியது.

ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைச் சூட்டோடு கொண்டுபோய், அணையும்வரை ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கும் காசு தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இன்றைய பில்லில் ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஒரு வரி இருக்கிறது, லேபருக்கு ஒரு வரி இருக்கிறது; காத்திருந்ததற்கு வரியே கிடையாது.