அச்சுக்கூடத்தில் ஒரு மாற்றம்: தலைமைப் பொறுப்பு குறித்த சில சிந்தனைகள்

முன்னுரை

தொழிலிடங்களில் மாற்றம் புகும்போது புதிய கருவியைக் குறித்தே பெரிதும் பேசப்படுகிறது. அதனைக் கையாளவேண்டிய மனிதரைக் குறித்த பேச்சு குறைவு. ஈய எழுத்துகளைக் கையால் கோத்து நூல் அச்சிட்ட முறை மறைந்து, அவ்விடத்தைக் கணிப்பொறி பெற்ற 1990களில், ஓர் அச்சகத்தின் அச்சுக்கோப்புப் பிரிவுக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். மாற்றக் காலத்தில் தலைமை ஏற்போர் ஆற்றவேண்டிய கடமைகள் யாவை என்பதை அப்பட்டறிவின்வழி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கைத்தொழிலின் அருமை

தமிழ் நூல்கள் அச்சேறிய வரலாறு நெடியது. 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூல் தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் கைக்கோப்பு முறை நம் சிற்றூர் அச்சகங்களில் இருபதாம் நூற்றாண்டின் இறுதிவரை வழங்கியது.

ஈயம், வெள்ளீயம், ஆண்டிமனி ஆகியவை கலந்து வார்த்த எழுத்துகள் மரப்பெட்டியின் சிற்றறைகளில் கிடக்கும். அச்சுக்கோப்பவரின் கண் கையெழுத்துப் படியில் இருக்க, கை தானாகவே உரிய அறையைச் சென்றடையும். எழுத்து இடவலம் மாறியிருக்கும். வரியோ தலைகீழாக அமையும். அதனைத் தடையின்றிப் படிக்கப் பல்லாண்டுப் பயிற்சி வேண்டும். சொற்களுக்கிடையே எவ்வளவு இடம் விடுவது, வரியின் இறுதியில் சொல்லை எங்கே பிரிப்பது, ணகர னகர மயக்கத்தை எவ்வாறு களைவது என்பனவெல்லாம் அவர் அறிவில் அடங்கியவை.

1978ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை முதலியவற்றின் பழைய வடிவங்கள் நீங்கின. அம்மாற்றத்தைத் தொழிலாளர் எளிதில் ஏற்றனர். பெட்டியில் சில அறைகளே மாறின. கணிப்பொறி வந்தபோதோ பெட்டியே தேவையற்றுப் போயிற்று.

முதற்கடமை: உண்மை உரைத்தல்

தொழிலாளரின் அச்சம் இயந்திரத்தைப் பற்றியதன்று. ‘நாளை எனக்கு இங்கு இடம் உண்டா?’ என்பதே அவர்தம் உள்ளத்தில் எழுந்த வினா. அதற்கு விடை கூறாமல் கணிப்பொறியின் சிறப்பை எவ்வளவு எடுத்துரைப்பினும் பயனில்லை. எனவே, உரிமையாளரிடம் முதலில் பேசி, எத்தனை பேருக்கு வேலை உறுதி என்பதைத் தெளிவுபடுத்திக்கொண்டு, இயந்திரம் வருவதற்கு முன்னரே அனைவரையும் கூட்டி உள்ளதை உள்ளவாறு உரைத்தேன். அனைவருக்கும் இடமிராது என்பதையும் மறைக்கவில்லை. நிறைவேற்ற இயலாத உறுதியைத் தலைவன் தருதல் ஆகாது. கசப்பான செய்தியாயினும் முன்னரே அறிந்தவர் தம் குடும்பத்துக்கு வேறு வழி தேட அவகாசம் பெறுகிறார்.

இரண்டாம் கடமை: பழைய அறிவுக்குப் புதிய இடம்

1999இல் ‘தமிழ் 99’ விசைப்பலகையை அரசு ஏற்பதற்கு முன், ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு விசை அமைப்பைக் கொண்டிருந்தது. தட்டச்சு பயின்ற இளைஞர் விரைந்து கற்றனர். மூத்தோர் விரல்கள் தயங்கின. ஆனால், இளைஞர் விரைவில் ‘பள்ளி’ ‘பல்லி’யாயிற்று, பத்திகள் நெருங்கி மூச்சுத் திணறின. இளைஞர் ஒருவரையும் மூத்தவர் ஒருவரையும் இணைத்து அமர்த்தினோம். ஒருவர் விசைகளை இயக்கினார். மற்றவர் மெய்ப்பு நோக்கிப் பக்க அமைப்பைச் சீர்செய்தார். பயிற்சி முடியும்வரை பக்கக் கணக்குக் கேட்பதில்லை என்றும் முடிவு செய்தோம். சில திங்களில் இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராயினர். வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்திருப்பதன் பொருத்தம் அப்போது நன்கு விளங்கியது.

மூன்றாம் கடமை: பிரிவோரை மதித்தல்

பார்வை மங்கிய முதியவர் இருவருக்குப் புதிய அமைப்பில் இடமளிக்க இயலவில்லை. மாற்றம் அனைவருக்கும் நன்மையே என்று அவர்களிடம் கூறுதல் அறமாகாது. அவர்களுக்குரிய பணிக்கொடையை அலையவிடாது பெற்றுத் தருவதும், அவர்தம் உழைப்பைப் பலர் முன்னிலையில் நினைவுகூர்வதும் தலைமையின் கடன். ஈய எழுத்துகள் எடைக்கு விற்கப்பட்ட நாளில் அவ்விருவரும் வந்திருந்தனர். அன்று எவரையும் வேலை செய்யுமாறு நான் பணிக்கவில்லை.

முடிவுரை

கைக்கோப்பை அகற்றிய அக்காலக் கணிப்பொறிகளும் இன்று பழையனவாகிவிட்டன. அவற்றின் எழுத்துருக்கள் ஒருங்குறிக்கு வழிவிட்டன. இம்மலரைப் படிக்கும் மாணவர் பலரும் நாளை அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் தொழிற்கூடங்களிலும் பொறுப்பேற்கவிருக்கின்றனர். அங்கும் ஒரு புதிய கருவி வந்து இறங்கும். அதனை இயக்கும் முறையை விற்பவரே கற்றுத் தந்துவிடுவார். முன்னிருந்தவர் அறிந்தது என்ன, அதில் எதனை இழக்கலாகாது என்பதைக் கேட்டறிவது பொறுப்பேற்றவர் செய்யவேண்டிய பணியாகும்.