ஏழு மாதம் தூங்கிய மோட்டார்

நம் லேபில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவது ஒரு விதம். ஓடாத எஞ்சினுக்குப் பக்கத்தில் அப்பா நின்றுகொண்டு, "படிச்சவன்தானே, பாரு மக்களே" என்று சொல்வது வேறு விதம். போன லீவில் நான் பட்ட பாட்டை எழுதுகிறேன். கடலோரத்து நண்பர்களுக்காவது உதவும்.

வள்ளத்தின் பின்புறப் பலகையில் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் பெரிய அதிசயம் இல்லை. 1909-ல் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் விற்பனைக்குக் கொண்டுவந்ததும் எங்கள் மோட்டாரும் அமைப்பில் ஒன்றுதான். மேலே எஞ்சின், நடுவில் நேராக இறங்கும் தண்டு, அடியில் கியரும் புரொப்பல்லரும். எங்களுடையது டூ ஸ்ட்ரோக், மண்ணெண்ணெயில் ஓடுவது. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகத்தில் வையுங்கள்.

கடலில் அப்பாவுக்குக் கை முறிந்த அன்று, கூட இருந்தவர்கள் அவசரமாக வள்ளத்தைக் கரை சேர்த்து மோட்டாரை அப்படியே அணைத்துவிட்டார்கள். அதன் பிறகு ஏழு மாதம் அது வீட்டுத் திண்ணையில் சாக்குக்குள் கிடந்தது. கை சரியானதும் ஒரு மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, காயில் போச்சு, கார்புரேட்டர் போச்சு என்று ஒரு தொகை சொன்னார். அது எங்களிடம் இல்லை. வட்டிக்கு வாங்கலாம் என்று பேச்சு வந்தபோதுதான் நான் ஸ்பேனரை எடுத்தேன்.

முதலில் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்தேன். கிடந்த எஞ்சினை எடுத்த எடுப்பில் வேகமாக இழுக்கக் கூடாது. உள்ளே துரு பிடித்திருந்தால் பிஸ்டனும் ரிங்கும் கீறிப் போகும். நல்லபடியாகச் சுற்றியது. பிளக் துளையைப் பெருவிரலால் அடைத்து இழுத்தால் விரலைத் தள்ளியது. அழுத்தம் இருக்கிறது. பிறகு பெட்ரோல் கேனைத் தூரத்தில் வைத்துவிட்டு, பிளக்கை ஒயரில் மாட்டி எஞ்சின் உடம்பில் தொட வைத்து இழுத்தேன். நீலமாகத் தீப்பொறி வந்தது. ஆக, காயில் போகவில்லை! (கில் சுவிட்ச் கிளிப் இல்லாமல் இழுத்துவிட்டுத் தீப்பொறி இல்லை என்று பயந்தது வேறு கதை.)

பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினேன். குழாயில் இருக்கும் ரப்பர் குமிழை அமுக்கினேன், கெட்டியானது. எரிபொருள் போய்விட்டது என்று நம்பி நாற்பது தடவையாவது இழுத்திருப்பேன். திண்ணையில் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. பிளக்கை எடுத்தால் நனைந்திருந்தது. அப்பா வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"லேய், இது பெட்ரோல் இல்ல. மண்ணெண்ணெ வாடை."

அங்கேதான் எனக்கு விளங்கியது. கார்புரேட்டர் கிண்ணத்தில் பழைய மண்ணெண்ணெய் நிரம்பி நிற்கிறது. கிண்ணம் நிரம்பியிருந்தால் மிதவை மேலே ஏறி ஊசி வால்வு மூடிவிடும். நான் எவ்வளவு அமுக்கினாலும் புதுப் பெட்ரோல் உள்ளே போக வழியே இல்லை. குமிழ் கெட்டியானதும் அதனால்தான். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது, பற்றவும் பற்றாது. படித்த எனக்கு இது மூக்கு வரைக்கும் வரவில்லை.

கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் பழுப்பாகப் பிசின் மாதிரி கிடந்தது. ஆயில் தங்கிக் கெட்டியானது. சின்ன ஜெட்டின் துளை அடைந்தே போயிருந்தது. அதைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மெதுவானது, துளை பெரிதாகிவிட்டால் கலவையின் கணக்கே கெடும். பெட்ரோலில் ஊறவைத்து, மெல்லிய தங்கூசி நரம்பை விட்டு எடுத்தேன். வலைக்காரர் வீட்டில் தங்கூசிக்கா பஞ்சம்! ஆயில் 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. உங்கள் மோட்டாருக்கு எவ்வளவு என்று அதன் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, தண்ணீர் நிறைந்த டிரம்மில் மோட்டாரை மாட்டி இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது! நான் கையைத் தூக்கிக் கத்துகிறேன், அப்பா முகத்தில் சிரிப்பே இல்லை. "தண்ணி துப்பல, நிறுத்துலே!" என்றார்.

எஞ்சினைக் குளிரவைக்கும் தண்ணீர் பின்பக்கத்துச் சிறு துளை வழியாகப் பீச்ச வேண்டும். பீச்சவில்லை. துளையில் உப்பு அடைத்திருக்கும் என்று குத்திப் பார்த்தேன், பயனில்லை. அடிப்பாகத்தைக் கழற்றித் தண்ணீர் பம்பைத் திறந்தால், ரப்பர் இம்பெல்லரின் இதழ்கள் ஏழு மாதம் மடங்கியே கிடந்து அப்படியே இறுகிவிட்டன. மெக்கானிக் சொன்ன பட்டியலில் இது இல்லை. நானும் பார்த்திருக்க மாட்டேன். அன்றைக்கே வள்ளத்தில் மாட்டியிருந்தால், கரை மறைந்த தூரத்தில், இருட்டில், பிஸ்டன் சூட்டில் பிடித்து நின்றிருக்கும். வள்ளத்தில் அப்பா தனியாக இருந்திருப்பார்.

புது இம்பெல்லர் போட்டோம். கையோடு அடி ஸ்குருவைத் திறந்து கியர் ஆயிலையும் பார்த்தேன். பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல வேளை, கறுப்பாகத்தான் இருந்தது.

மறுநாள் விடியுமுன் அப்பா கிளம்பினார். மோட்டார் சத்தம் கேட்காமல் போகிற வரைக்கும் அம்மாவும் நானும் கரையில் நின்றோம். திரும்பி வந்து, நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றினாரா என்று கேட்டேன். "நீ எனக்குச் சொல்லித் தாறியா?" என்றார். மாற்றியிருந்தார்.