குண்டே இல்லாமல் துப்பாக்கிப் பயிற்சி!

குன்றத்தூர் நண்பர்கள் நாலு பேர் ஞாயிற்றுக்கிழமை மாலை மெரினா கடற்கரைக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுண்டல் தின்கிறார்கள். அலையில் கால் நனைக்கிறார்கள். பிறகு எங்கே போவார்கள்?

பலூன் சுடும் கடைக்குத்தான்!

பலகையில் வரிசை வரிசையாகச் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பலூன்கள். கடைக்காரர் துப்பாக்கியை மடக்கி, ஒரு சின்ன ஈயக் குண்டைப் போட்டுக் கொடுக்கிறார். முதல் நண்பர் ஒரு கண்ணை மூடுகிறார். மூச்சைப் பிடிக்கிறார். "டப்!" என்று சத்தம். பலூன் அப்படியே இருக்கிறது.

"துப்பாக்கியிலே கோளாறு" என்கிறார் அவர். மற்ற மூவரும் சிரிக்கிறார்கள்.

அவர் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. நாளெல்லாம் நூறு பேர் கையில் மாறும் துப்பாக்கி அது. அதன் குறி சற்று விலகித்தான் இருக்கும். கெட்டிக்காரர்கள் முதல் குண்டு எங்கே பட்டது என்று பார்த்துக்கொண்டு, இரண்டாவது குண்டை அதற்கு ஏற்பத் தள்ளிச் சுடுவார்கள். ஆனால், பெரிய கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. சுடுகிறவரின் ஆள்காட்டி விரலில்!

விசையை இழுக்கும் அந்த ஒரு நொடியில் கை ஆடிவிடுகிறது. குழலின் முனை மயிரிழை அசைந்தால் போதும். குண்டு பலூனைத் தாண்டிப் போய்விடும்.

இந்த விரலைத் திருத்தத்தான் உலகமெங்கும் துப்பாக்கி வீரர்கள் வருடக்கணக்கில் பாடுபடுகிறார்கள். அதற்கு அவர்கள் செய்யும் பயிற்சிகளில் பெரும்பகுதிக்குக் குண்டே தேவையில்லை. பக்கத்தில் ஒரு நல்ல நண்பர் இருந்தால் போதும்.

திண்ணன் கற்ற வித்தை

குறி பார்க்கும் வித்தை குன்றத்தூருக்குப் புதியது அல்ல. பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அல்லவா இது!

அவர் பாடிய 63 நாயன்மார்களில் ஒருவர் கண்ணப்பர். வேடர் தலைவன் நாகனின் மகன். இயற்பெயர் திண்ணன். வேடன் மகனுக்கு வில்வித்தை தானாக வந்துவிடும் என்று தகப்பன் சும்மா இருந்துவிடவில்லை. மகன் வில் பிடிக்கும் நாளையே விழாவாகக் கொண்டாடினான். முறையாகப் பயிற்சி கொடுக்க வைத்தான். திண்ணன் வேட்டைக்குப் போனபோதும் தனியாகப் போகவில்லை. நாணன், காடன் என்று இரண்டு பேர் கூடவே போனார்கள்.

இது 12-ம் நூற்றாண்டில் பாடிய கதை. வில் போய்த் துப்பாக்கி வந்துவிட்டது. முறையான பயிற்சியும் கூட ஒரு துணையும் வேண்டும் என்பது மட்டும் இன்னும் மாறவில்லை.

கடுகைவிடச் சின்னப் புள்ளி!

ஒலிம்பிக் பந்தயத்தில் ஏர் ரைபிள் என்று ஒரு போட்டி. சுடுகிறவருக்கும் இலக்குக்கும் இடையே 10 மீட்டர் தூரம். அதாவது சுமார் 33 அடி. இலக்கின் நடுவில் ஒரு புள்ளி. அதன் அகலம் அரை மில்லிமீட்டர். கடுகைவிடச் சின்னது! குண்டின் அகலமோ நாலரை மில்லிமீட்டர். புள்ளியைவிடக் குண்டு ஒன்பது மடங்கு பெரிது.

குண்டு நட்ட நடுவில் பட்டால் 10.9 புள்ளிகள். கொஞ்சம் விலகினால் 10.5, 10.1 என்று குறைந்துகொண்டே போகும். நின்றபடியே சுட வேண்டும். 75 நிமிஷத்தில் 60 குண்டுகள். துப்பாக்கியின் எடை ஐந்தரைக் கிலோ வரை இருக்கலாம்.

2008-ம் ஆண்டு பீஜிங் நகரில் இந்தப் போட்டியில்தான் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கினார். இந்தியர் ஒருவர் தனியாக வென்ற முதல் ஒலிம்பிக் தங்கம் அது. கடைசிக் குண்டுக்கு முன் அவரும் பின்லாந்து வீரர் ஒருவரும் சம நிலையில் இருந்தார்கள். பின்லாந்துக்காரர் 9.7 சுட்டார். பிந்த்ரா 10.8 சுட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்!

அந்தப் பந்தயத்துக்கு முன்னால் பிந்த்ரா செய்த ஒரு காரியம் வேடிக்கையானது. பயத்தைப் போக்கிக்கொள்ள ஜெர்மனியில் 40 அடி உயரக் கம்பத்தில் ஏறி நின்றாராம். துப்பாக்கிக்கும் கம்பத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நெஞ்சு படபடக்கும்போதும் கை ஆடாமல் இருக்க வேண்டும். சம்பந்தம் அதுதான்.

2012-ல் லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். கடலூரில் பிறந்து, குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைப் போட்டிகளில் தங்கம் வாங்கியவர். 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் 60 குண்டுகளில் எடுத்தது 630.7 புள்ளிகள். சராசரியாக ஒரு குண்டுக்குப் பத்தரைக்கு மேல்! ஆனாலும், இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேரைத்தான் எடுப்பார்கள். இளவேனில் பத்தாவது இடம். கடைசிப் பத்துக் குண்டுகளில் மட்டும் கொஞ்சம் சறுக்கிவிட்டது.

ஐம்பது குண்டுகளைச் சரியாகச் சுட்டவருக்கு அடுத்த பத்தில் என்ன ஆகிறது? வீரர்களைத் தூங்கவிடாத கேள்வி இதுதான்.

நாணயம் விழக்கூடாது

இனி அந்தப் பயிற்சிகளைப் பார்ப்போம்.

முதலில் நிற்கப் பழக வேண்டும். துப்பாக்கியைக் கைச் சதையால் தூக்கிப் பிடித்தால் ஐந்து நிமிஷத்தில் வலிக்கும், நடுங்கும். ஆகவே, இடது முழங்கையை இடுப்பு எலும்பின் மேல் ஊன்றிக்கொள்கிறார்கள். கூரையைத் தூண் தாங்குவதுபோலத் துப்பாக்கியை எலும்பு தாங்குகிறது.

அடுத்தது மூச்சு. மூச்சை முட்ட முட்டப் பிடித்து வைக்கக்கூடாது. மூச்சு விட்ட பிறகு, அடுத்த மூச்சு வாங்குவதற்கு முன்னால், உடம்பு தானாகவே சிறிது நேரம் ஓய்ந்திருக்கிறது. அந்த நேரத்தில் விசையை மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். ஏழெட்டு நொடிக்குள் குண்டு போகாவிட்டால், துப்பாக்கியைக் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். "போனால் போகட்டும்" என்று சுடுகிறவர்களுக்குப் பதக்கம் கிடைப்பதில்லை.

நண்பருடைய வேலை இங்கேதான் வருகிறது. வெறும் துப்பாக்கிக் குழலின் முனையில் அவர் ஒரு நாணயத்தை வைக்கிறார். குறி பார்த்து விசையை அழுத்த வேண்டும். நாணயம் விழக்கூடாது. முதல் நாள் பத்துத் தடவை அழுத்தினால் பத்துத் தடவையும் விழும். ஒரு மாதம் விடாமல் பழகினால் விழுவது குறையும். செலவு? ஒரு காசும் இல்லை. நாணயம் பத்திரமாகத் திரும்பி வந்துவிடும்!

இன்னொரு பயிற்சியில் நண்பர் கொஞ்சம் ஏமாற்றுகிறார். துப்பாக்கியை வாங்கித் திரும்பி நின்று, சில தடவை குண்டு போடுகிறார். சில தடவை போடாமலே மூடிக் கொடுக்கிறார். சுடுகிறவருக்கு எது என்று தெரியாது. குண்டு இல்லாத துப்பாக்கியை அழுத்தும்போது குழல் சட்டென்று தலை குனிந்தால், திருட்டு வெளிப்பட்டுவிடும். சத்தத்துக்கும் உதைப்புக்கும் பயந்து கை முன்கூட்டியே இழுக்கிறது என்று அர்த்தம். "எனக்குப் பயமே இல்லை" என்று பேசுகிறவர்கள் இந்தப் பரீட்சையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இதைச் சுடுதளத்தில், பயிற்சியாளர் முன்னிலையில் மட்டுமே செய்ய வேண்டும்.

மூன்றாவது ஒரு விளையாட்டு. சுட்டவுடனே இலக்கைப் பார்க்கக்கூடாது. "வலது பக்கம், கொஞ்சம் மேலே" என்று வாயால் சொல்ல வேண்டும். நண்பர் தூரக் கண்ணாடியில் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்வார். குண்டு எங்கே போனது என்று பார்க்காமலே சொல்லத் தெரிந்தவருக்கு, அது ஏன் போனது என்பதும் தெரிந்துவிடுகிறது.

ஒலிம்பிக் இறுதிச் சுற்றையே நண்பர்கள் விளையாடிப் பார்க்கலாம். பாரிஸில் 12-வது குண்டு முதல், இரண்டு குண்டுக்கு ஒருவர் என்று கடைசி இடத்தில் இருப்பவரை வெளியேற்றினார்கள். மொத்தம் 24 குண்டுகள். பயிற்சியில் இப்படி ஆடும்போது வெளியேறியவர்கள் பின்னால் நின்று கைதட்டலாம், கூச்சல் போடலாம். நிஜப் பந்தயத்திலும் கூச்சல் உண்டே!

ஒரு எச்சரிக்கை. குண்டில்லாமல் விசையை அழுத்தும் வசதி பந்தய ஏர் ரைபிள்களில் இருக்கிறது. பலூன் கடை மாதிரியான வில்சுருள் துப்பாக்கியில் அப்படிச் செய்யக்கூடாது. உள்ளே இருக்கும் தண்டு மோதிச் சீக்கிரம் கெட்டுப்போகும்.

நார்த்தாமலைச் சிறுவன்

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை. 2021-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி. மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வீரர்கள் அங்கே உள்ள தளத்தில் துப்பாக்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். தளத்துக்கு வெளியே, தன் தாத்தா வீட்டில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். எங்கிருந்தோ வந்த குண்டு அவன் தலையில் பாய்ந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடி, 2022 ஜனவரி 3-ந் தேதி அவன் இறந்துபோனான்.

அந்தச் சிறுவன் எந்தத் தப்பும் செய்யவில்லை. தாத்தா வீட்டில் இருந்தான், அவ்வளவுதான்.

பயிற்சி பெற்ற படைவீரர்கள் சுடும் இடத்திலேயே இப்படி நடக்கும் என்றால், நாலு நண்பர்கள் ஏரிக்கரையில் பாட்டிலை வைத்துச் சுட்டுப் பார்ப்பது எவ்வளவு ஆபத்து! கல்லூரி என்.சி.சி. மாணவர்கள் படுத்துக்கொண்டு சுடும் சின்ன .22 ரைபிள் குண்டுகூட, தடுப்பு இல்லாவிட்டால் ஒரு மைலுக்கு மேல் போகக்கூடியது. அதனால்தான் சுடும்போது சிவப்புக் கொடி ஏற்றுகிறார்கள். இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு இருக்கும்.

குன்றத்தூரில் இன்று வெறும் பொட்டல் எங்கே இருக்கிறது? செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் வரை வீடுகள் வந்துவிட்டன. அந்தக் காலத்தில் கொக்கு, நாரை சுடப் போனோம் என்று பெரியவர்கள் சொல்லலாம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அதுவும் குற்றம்.

எங்கே போவது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, 21 வயது நிரம்பாதவருக்குத் துப்பாக்கி லைசென்சு கிடையாது. ஆனால், அங்கீகாரம் பெற்ற கிளப்பில், மேற்பார்வையில் சிறு வயதினரும் பழகலாம். நாலரை மில்லிமீட்டர் குண்டு போடும், வேகம் குறைந்த ஏர் ரைபிளுக்கு லைசென்சு தேவையில்லை. அதற்காக மொட்டை மாடியில் நின்று சுடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சின்னக் குண்டு ஒரு குழந்தையின் கண்ணைப் பறித்துவிடும்.

சென்னை ரைபிள் கிளப் எழும்பூரில் பழைய போலீஸ் கமிஷனர் அலுவலக வளாகத்தில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் நடிகர் அஜித்குமார் அங்கே பயிற்சிக்குப் போக டாக்சி பிடித்தார். டிரைவரோ அவரை வேப்பேரியில் உள்ள புதிய கமிஷனர் அலுவலகத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். கேட்க வேண்டுமா? போலீஸ்காரர்களும் பொதுமக்களும் சூழ்ந்துகொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள்! அடுத்த மாதமே மாநிலப் போட்டியில் அவர் ஆறு பதக்கங்கள் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 49.

கிளப்பில் சேரும் புதியவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது குறி பார்ப்பது அல்ல. துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுப்பது, குழலின் முனை யார் பக்கமும் திரும்பாமல் வைப்பது, சுடும் நேரம் வரை விரலை விசைக்கு வெளியே வைத்திருப்பது. குண்டு இல்லை என்று காட்டக் குழலுக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு நாடாவைச் செருகுவார்கள். நாடா வெளியே தெரிந்தால்தான் மற்றவர்கள் நிம்மதியாக முன்னால் போய் இலக்கு அட்டையை மாற்றுவார்கள்.

நாடாவைச் செருகினாயா என்று ஒவ்வொரு தடவையும் பார்த்துக் கேட்பது பக்கத்தில் நிற்கும் நண்பரின் வேலை.