ஓரத்தில் வாய் பிளக்கும் மரத்தோல்

சிங்கப்பூர் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை. வாழையிலை வருவதற்குள் என் விரல் மேசை ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தது. முழுத் தேக்கு என்று நினைத்திருந்தேன். பார்த்தால் பிளைவுட், அதன்மேல் அரை மில்லிமீட்டர் தேக்குத் தோல், அதாவது வெனீர். நடுவில் தட்டினால் கெட்டிச் சத்தம். மூலையில் மட்டும் நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. வெனீர் பெரும்பாலும் ஓரத்திலிருந்தே உரிகிறது. ஏன்?

ஒட்டும் விதத்தைப் பார்த்தால் புரியும். வெற்றிட முறையில் ஒட்டும்போது, பசை தடவிய பலகையை வெனீரோடு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, பம்பால் உள்காற்றை எடுத்துவிடுவார்கள். அமுக்குவது வெளிக்காற்று. இங்குள்ள சுங்கை காடுட் மரப்பட்டறையானாலும் சென்னைப் பட்டறையானாலும் கணக்கு ஒன்றே: சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ. பையில் 85 விழுக்காடு வெற்றிடம் இருந்தாலே எட்டுக்கு நாலடிப் பலகைமேல் சுமார் 26 டன். ஆறேழு யானைகள் ஏறி நிற்பதற்குச் சமம்.

இத்தனை பாரமும் ஓரத்தில் சில சமயம் வீணாகிறது. உருளையால் பசை தடவும் கை விளிம்பில் சிக்கனம் பிடிக்கிறது. தடவியதும் அங்கேதான் முதலில் காய்கிறது. பலகையைத் தேய்க்கும்போது விளிம்பு சற்றே மழுங்கினால், வெனீருக்கு அடியில் இடைவெளி. வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருக்கும் வெனீரைப் பை கீழே மடக்கும். நெம்புகோல்போல, உட்பக்கம் மேலே கிளம்பும். பை எங்காவது முன்கூட்டியே ஒட்டிக்கொண்டால் உள்ளே காற்று சிறைப்படும். அங்கே அழுத்தமே இராது.

மருந்து எளிதுதான். விளிம்புவரை பசை. வெனீர் நீட்டம் சில மில்லிமீட்டர் போதும். மேலே வைக்கும் அழுத்துபலகை அதே அளவில், பை கிழியாதபடி முனை மழுங்கி இருக்கட்டும். காற்று வெளியேற வலைத்துணியோ, அடிப்பலகையில் பள்ளக்கோடுகளோ வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் சிங்கப்பூர் ஈரம் விடாது. சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊர், உள்ளே குளிர்சாதனம். இந்த ஏற்ற இறக்கத்தில் மரம் உப்பும், சுருங்கும். வெட்டுவாய் தெரியும் விளிம்பு வழியாகவே ஈரம் விரைவாக உள்ளே போகும். விளிம்பில் மரக்கீற்று ஒட்டி மூடுவது அதற்காகத்தான். பலகையின் இரு முகத்திலும் வெனீர் ஒட்டினால் வளையாமலும் இருக்கும்.

சாப்பிட்டு எழுந்தேன். கடைத் தம்பி சொட்டச் சொட்ட நனைந்த துணியோடு வந்து மேசையைத் துடைத்தார். தண்ணீரெல்லாம் பிளந்த மூலைக்கே வழிந்தது.