ஒரே உயிர்தான்! போனால் எல்லாம் "குளோஸ்" என்று வந்த ஆட்டம்!!
பனிக்காட்டு வீடியோ விளையாட்டு படுத்தும் பாடு

ராப்பகலாய் சேர்த்த விறகு, துணி, கறி எல்லாம் ஒரே நொடியில் போச்சு!

"தி லாங் டார்க்" வீடியோ விளையாட்டில்தான் இந்தக் கூத்து. கனடாவின் ஹின்டர்லேண்ட் நிறுவனம் தயாரித்தது. 2014-ல் வெள்ளோட்டம், 2017-ல் முழுசாக வெளிவந்தது. இதன் "சர்வைவல்" ஆட்டம் ஒரே உயிர் என்ற சட்டத்தோடுதான் வந்தது. செத்தால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

காந்தப் புயல் அடித்து மின்சாரம் செத்துப்போன கனடா பனிக்காடு. துணைக்கு ஆள் கிடையாது. குளிர், பசி, தாகம், அசதி நாலும் சேர்ந்து விரட்டும். பனியை உருக்கிக் குடிக்க வேண்டும். "இன்டர்லோப்பர்" என்ற கடினக் கட்டத்தில் துப்பாக்கியே கிடைக்காது. ஓநாய் பாய்ந்தால் அதோகதிதான்!

ஜெயிப்பு என்பதே கிடையாது. எத்தனை நாள் தாக்குப்பிடித்தார் என்பதுதான் கணக்கு.

அப்புறம் ஏன் ஆடுகிறார்கள்? புயலில் தப்பி, குடிசைக்குள் நுழைந்து, அடுப்பு பற்றிக்கொள்ளும்போது வரும் நிம்மதிக்காகத்தான். சாவு பயம் இல்லாவிட்டால் அந்த ருசி ஏது? செத்தவர் திட்டிக்கொண்டே மறுபடி பொத்தானை அமுக்குகிறார்!