முழங்கால் தண்ணீரிலும் பாயும் படகு!



பல வருடங்களுக்கு முன் ஒரு நாள், ஏழாம் வகுப்பில் மிதத்தல் பற்றிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். கரும்பலகையில் பெரிதாக ஒரு படகு வரைந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "சார், நம்ம குடகனாத்துல படகு விடலாமா சார்?" என்று கேட்டான்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. குடகனாறு, எங்கள் திண்டுக்கல் பக்கத்து ஆறு. ஆத்தூர் காமராஜர் அணையைத் தாண்டி வந்து, கடைசியில் அமராவதியில் சேரும். நல்ல மழை பெய்தால் தண்ணீர் வரும். மற்ற நாட்களில் மணலும் கல்லும்தான். கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினாலே பெரிய விஷயம். நானும் சிரித்துவிட்டு, "உட்காருடா" என்றேன். அவன் முகம் சுருங்கிப் போயிற்று.

கிட்டத்தட்ட அதே கேள்வியை ஒரு விவசாயி கேட்டார், அதனாலேயே உலகப் புகழ் பெற்றார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது! அன்று நான் சொல்லாத பதிலை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

படகு எவ்வளவு மூழ்கும்?

மிதக்கும் படகின் ஒரு பகுதி எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும். நீர்மட்டத்திலிருந்து படகின் அடிப்பாகம் வரை உள்ள ஆழத்தை 'மூழ்கு ஆழம்' என்கிறோம். கப்பல்காரர்கள் 'டிராஃப்ட்' என்பார்கள். தண்ணீரின் ஆழம் இதைவிடக் குறைவாக இருந்தால் படகு தரை தட்டிவிடும்.

ஒரு கணக்குப் போடுவோமா? தட்டையான அடிப்பாகம் கொண்ட பெட்டி போன்ற ஒரு படகு. நீளம் 4 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர். எடை 900 கிலோ. ஆர்க்கிமிடீஸ் விதிப்படி, மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கும். 900 கிலோ தண்ணீர் என்றால் 900 லிட்டர். படகின் அடிப்பரப்பு 6 சதுர மீட்டர். அப்படியானால் படகு 15 சென்டிமீட்டர்தான் மூழ்கும். தலா 60 கிலோ எடையுள்ள நான்கு பேர் ஏறினால் இன்னும் 4 சென்டிமீட்டர் இறங்கும். மொத்தம் 19 சென்டிமீட்டர். ஒரு சாண் அளவுதான்!

அப்படியானால் பிரச்னை எங்கே? படகின் பின்னால் காற்றாடி போல் சுழலும் புரொப்பல்லரில்தான். அது படகின் அடியைத் தாண்டி இன்னும் கீழே தொங்கிக் கொண்டிருக்கும். படகு ஒரு சாண் தண்ணீரில் மிதந்தாலும், புரொப்பல்லர் கல்லில் இடித்து உடைந்துவிடும்.

பம்புசெட்டே படகில் ஏறினால்?

நியூசிலாந்து நாட்டில் வில்லியம் ஹாமில்டன் என்றொரு விவசாயி இருந்தார். 1899-ல் பிறந்தவர். ஆட்டுப் பண்ணை வைத்திருந்தார். இயந்திரங்கள் செய்வதிலும் கெட்டிக்காரர். அவர் ஊர் ஆறுகளும் கூழாங்கல் நிறைந்தவை. பல கிளைகளாகப் பிரிந்து ஆழமில்லாமல் ஓடுபவை. 'இந்த ஆற்றில் நீரோட்டத்தை எதிர்த்துப் படகு ஓட்ட முடியாதா?' என்பதுதான் அவருடைய கேள்வி.

விடை நம் தோட்டத்துக் கிணற்றிலேயே இருக்கிறது. பம்புசெட் என்ன செய்கிறது? கீழேயிருந்து தண்ணீரை இழுக்கிறது. உள்ளே சுழலும் இம்பெல்லர் அதை வேகமாக வெளியே தள்ளுகிறது. இதே பம்பைப் படகுக்குள் வைத்து, அடிப்பாகத்தில் ஒரு துளை வழியாகத் தண்ணீரை இழுத்து, பின்புறக் குழாய் வழியாகப் பீய்ச்சினால்? தண்ணீர் பின்னால் போகும். படகு முன்னால் பாயும்! நியூட்டனின் மூன்றாம் விதி. தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் பீய்ச்சும்போது குழாயை இறுக்கிப் பிடித்துக் கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, அதுவும் இந்தப் பின்னுதைப்பால்தான்.

அமெரிக்காவில் இப்படியொரு வடிவமைப்பு ஏற்கெனவே இருந்தது. ஆனால், அதில் தண்ணீர் படகுக்கு அடியில் வெளியேறியது. ஹாமில்டன் அதை மாற்றினார். படகின் பின்புறம், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே நீர்த்தாரை பீய்ச்சும்படி செய்தார். படகு நன்றாகப் பாய்ந்தது. அடியில் தொங்கும் பொருள் எதுவுமே இல்லை. 1954-ல் பிறந்தது ஜெட் படகு!

இதற்குச் சுக்கான் கிடையாது. பீய்ச்சும் குழாயின் வாயை இடமோ வலமோ திருப்பினால் படகு திரும்பும். பின்னால் போக வேண்டுமா? ஒரு மூடி இறங்கி, தாரையை முன்பக்கமாகத் திருப்பிவிடும். அவ்வளவுதான்.

ஓட்டாஞ்சில்லு வித்தை

குளத்தில் ஓட்டாஞ்சில்லைப் படுக்கைவாட்டில் வீசியிருக்கிறீர்களா? தத்தித் தத்திப் போகும். வேகம் குறைந்ததும் 'களுக்' என்று மூழ்கிவிடும். வேகமாகப் போகும்வரை தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது.

ஜெட் படகும் அப்படித்தான். வேகம் பிடித்ததும் எழும்பி, தண்ணீரின் மேல் வழுக்கிக் கொண்டு ஓடும். அப்போது ஒரு சாணுக்கும் குறைவான ஆழம் போதும். ஆனால், ஆழமில்லாத இடத்தில் பயந்து வேகத்தைக் குறைத்தால் படகு மறுபடியும் கீழே இறங்கித் தரை தட்டிவிடும். பீய்ச்சும் தண்ணீர் நின்றுவிட்டால், திருப்பவும் முடியாது! அதனால், எந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கலாம் என்பதை ஓட்டுநர் முன்கூட்டியே பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கங்கையில் ஒரு பயணம்

1953-ல் டென்சிங்குடன் எவரெஸ்ட் சிகரம் ஏறினாரே, எட்மண்ட் ஹிலாரி, அவரும் நியூசிலாந்துக்காரர்தான். 1977-ல் அவர் மூன்று ஜெட் படகுகளுடன் நம் நாட்டுக்கு வந்தார். படகுகளின் பெயர்கள்: கங்கா, கிவி, ஏர் இந்தியா. ஹாமில்டனின் மகன் ஜான் ஹாமில்டனும் ஓட்டுநராக வந்திருந்தார்.

கங்கை கடலில் கலக்கும் இடத்தில் புறப்பட்டு, நீரோட்டத்தை எதிர்த்தே 2,000 கிலோமீட்டருக்கு மேல் போனார்கள். இமயமலையில் பாறைகளுக்கு நடுவே சீறி வரும் வெள்ளத்திலும் படகுகள் ஏறின. கடைசியில் நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி வழிமறித்தது. அருவியில் ஏற ஜெட் படகாலும் முடியாதே!

குறையே இல்லையா?

இருக்கிறது. எங்கள் பக்கம் கோடையில் கிணற்று நீர் ஃபுட்வால்வுக்குக் கீழே போய்விட்டால், பம்பு காற்றை இழுத்துக் கொண்டு வெறுமனே ஓடும். ஜெட் படகும் காற்றை இழுத்தால் உந்துவிசை போய்விடும். உறிஞ்சும் வாயில் கம்பி வலை இருந்தாலும் மணலும் பொடிக்கற்களும் உள்ளே போய் இம்பெல்லரைத் தேய்த்துவிடும். பாசியும் பாலிதீன் பையும் வாயை அடைத்துக் கொள்ளும். மெதுவாகப் போகும்போது புரொப்பல்லர் படகைவிட எரிபொருள் அதிகம் செலவாகும்.

ஆனால், ஒரு பெரிய நன்மை உண்டு. வெளியே சுழலும் கத்தி போன்ற இலைகள் இல்லை. தண்ணீரில் தத்தளிப்பவர்களைக் காப்பாற்றப் போகும்போது, அவர்களைப் புரொப்பல்லர் வெட்டிவிடுமோ என்ற பயம் இல்லை. ஆனாலும், உறிஞ்சும் வாய் கூந்தலையும் கயிற்றையும் இழுத்துவிடும். அதனால், ஓடும் ஜெட் படகின் அருகே போகவே கூடாது.

சென்னை அருகே கட்டப்பட்ட கப்பல்

கரையோரக் கடலில் ஆழம் குறைவு. அங்கே எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் ஒளிந்திருந்தால் எப்படித் தேடுவது? அதற்காகவே கட்டப்பட்டது ஐ.என்.எஸ். அர்னாலா. சென்னைக்கு அருகே காட்டுப்பள்ளி தளத்தில் உருவாகி, 2025 ஜூன் 18-ல் விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது. நீளம் சுமார் 77 மீட்டர். மூழ்கு ஆழமோ 2.7 மீட்டர்தான். உங்கள் வகுப்பறைச் சுவரின் உயரம்கூட இருக்காது! டீசல் என்ஜினும் நீர்த்தாரையும் சேர்ந்து இதை ஓட்டுகின்றன.

செய்து பாருங்கள்

ஒரு வாளித் தண்ணீரில் காலி சோப்பு டப்பாவை மிதக்க விடுங்கள். அதில் நான்கு ஸ்பூன் மணல் போட்டு, எவ்வளவு மூழ்குகிறது என்று ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். அதே மணலைச் சிறிய பிளாஸ்டிக் டம்ளரில் கொட்டி மிதக்க விடுங்கள். எது ஆழமாக மூழ்குகிறது? ஏன்? பெரியவர்கள் யாராவது பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

சரி, குடகனாற்றில் படகு விடலாமா? வெறும் மணலில் எந்தப் படகும் ஓடாது. உறிஞ்சத் தண்ணீர் வேண்டுமே! ஆனால், முழங்கால் தண்ணீர் ஓடும் நாளில், கல்லும் மேடும் பார்த்து ஓட்டத் தெரிந்தவர் இருந்தால், ஜெட் படகு ஓடும்.

அந்த மாணவன் எங்கிருந்தாலும் இதைப் படிக்கட்டும். உன் கேள்வி சரியான கேள்விதான் தம்பி. சிரித்த நான்தான் தப்பு. குழந்தைகளே, உங்கள் வகுப்பில் யாராவது இப்படிக் கேட்டால் சிரிக்காதீர்கள். சேர்ந்து பதில் தேடுங்கள்!