இல்லாத இருப்புப்பாதைக்கு ஒரு நிறம்

ஓர் எஞ்சினை உடையவர் யாவர் என்பதை அதன் நிறம் தொலைவிலேயே உணர்த்திவிடும். பிரித்தானிய இருப்புப்பாதைகள் தனியார் கம்பனிகள் பலவற்றின் வசம் இருந்த காலத்தில் இதனை அறியாத சிறுவர் அந்நாட்டில் அரியர். மிட்லண்ட் கம்பனியின் எஞ்சின் கருஞ்சிவப்பு. கலிடோனியன் கம்பனியினது நீலம். லண்டன் அன்ட் நோர்த் வெஸ்டேர்ண் கம்பனியினது கறுப்பு. அடிநிறம், அதன் ஓரங்களில் இழுக்கப்பட்ட மெல்லிய கோடுகள், கம்பனியின் பெயரெழுத்துக்கள், எண், இலச்சினை ஆகிய யாவுஞ் சேர்ந்ததே ஓர் எஞ்சினின் நிறக்கோலம்.

இந்நிறக்கோலங்களைச் சிற்றுருவ எஞ்சின்களில் உள்ளவாறே தீட்டுவது ஒரு கலை. ஒருபொழுதும் இருந்திராத நிறக்கோலத்தைத் தீட்டுவது பிறிதொரு கலை. கடையில் வாங்கிய எஞ்சினின் வண்ணத்தை அகற்றி, எங்கும் என்றும் ஓடாத ஒரு கம்பனியின் நிறத்தை அதற்கு ஊட்டுவோர் பிரித்தானியாவில் பலர் உளர். சிறுபிள்ளை விளையாட்டென இதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின், இத்துறையில் தேர்ந்தோர் தம் கற்பனைக்குத் தாமே ஒரு கட்டுப்பாட்டை விதித்துக்கொள்கின்றனர். "இவ்வாறு நடந்திருக்கக் கூடுமா?" என்னும் வினாவின் முன் நில்லாத நிறத்தை அவர் ஏற்பதில்லை.

கற்பனை நிறம் ஒன்று கற்பனை நாடொன்றையே பிறப்பித்த வரலாறும் உண்டு. அங்கிலிக்கன் குருவான வில்பேட் ஓட்றி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தம் இளமகனுக்காக மரத்தால் ஒரு சிறு எஞ்சினைச் செய்து நீல வண்ணந் தீட்டினார். அதன் பக்கத்தில் என், டபிள்யூ என்னும் ஈரெழுத்துக்களை மஞ்சளில் எழுதினார். எந்தக் கம்பனியின் எழுத்துக்கள் அவை? "நோ வெயர்", அதாவது "எங்குமில்லை" என்பதே அவற்றின் விரிவாம்! பின்னர் அவர் எழுதிய கதைகள் புகழ்பெற்று, அவ்விருப்புப்பாதை எங்குளது எனச் சிறுவர் துருவத் தொடங்கியபோது, மான் தீவுக்கும் இங்கிலாந்துக் கரைக்கும் இடையே சோடோர் என்றொரு தீவை ஓட்றி அமைத்தார். "சோடோர், மான்" என்ற பெயரில் மேற்றிராசனம் ஒன்று உண்மையாகவே உள்ளது. மான் தீவு உண்டு, சோடோர் என்னுந் தீவோ இல்லை. அவ்வெற்றிடத்திலே அவர் தம் நாட்டைக் குடியேற்றினார். "எங்குமில்லை" என நின்ற எழுத்துக்கள் "நோர்த் வெஸ்டேர்ண்" ஆயின.

அக்கதைகளின் நாயகனாகிய தோமஸ் என்னும் எஞ்சின், 1946 இல் வெளிவந்த நூலில், பிரைட்டன் கம்பனியின் ஈ-2 வகுப்பைத் தழுவி வரையப்பட்டது. 1913 முதல் 1916 வரை பத்தே எஞ்சின்கள் அவ்வகுப்பிற் கட்டப்பட்டன. கதை நீலத்தை அவற்றுள் ஒன்றேனும் அணிந்து ஓடியதில்லை. எனினும் இன்று உலகம் அவ்வுருவை நீலமாகவே அறியும்.

ஓட்றி கதைக்காகச் செய்ததை ஜோன் ஏர்ண் என்பவர் சிற்றுருவ அமைப்புக்காகவே செய்தார். அவரது மடர் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை முழுவதுங் கற்பனையே. வெவ்வேறு இடங்களிலுள்ள உண்மைக் கட்டடங்களின் சிற்றுருவங்களை அதிலே ஒருங்கு கூட்டினார். எஞ்சின்களும் அவ்வாறே பல்வேறு மூலங்களினின்றும் வந்தவை. இக்கலப்பு உண்மைக்கு முரணன்றோ எனின், அன்று. கேணல் ஸ்டீபன்ஸ் நிருவகித்தவை போன்ற சிறு பாதைகள், பெரிய கம்பனிகள் கழித்துவிட்ட எஞ்சின்களை மலிவாக வாங்கியே காலந்தள்ளின. வறிய கம்பனியின் கொட்டகையில் ஒன்றோடொன்று ஒவ்வாத எஞ்சின்கள் நிற்பதே இயல்பு. ஏர்ண் 1961 இல் மறைந்தார். அவரது படைப்பு ஒக்ஸ்போட் பகுதியிலுள்ள பென்டன் நூதனசாலையிற் பேணப்படுகின்றது.

மற்றொரு வகையினர் புதுக் கம்பனியை ஆக்குவதில்லை. மறைந்த கம்பனியொன்றின் ஆயுளை நீட்டுகின்றனர். 1923 இல் பிரித்தானியக் கம்பனிகள் நான்கு பெருங் கம்பனிகளாக ஒன்றுசேர்க்கப்பட்டன. 1948 ஜனவரி 1 ஆந் திகதி அந்நான்கும் நாட்டுடைமையாயின. நாட்டுடைமை நிகழாதிருந்தால்? 1955 ஆம் ஆண்டில் லண்டன், மிட்லண்ட், ஸ்கொட்டிஷ் கம்பனியின் எஞ்சின் எந்நிறத்தில் ஓடியிருக்கும்? போருக்கு முன் அக்கம்பனியின் விரைவு எஞ்சின்கள் மிட்லண்டின் கருஞ்சிவப்பையே அணிந்தன. ஆதலால், ஆராயாதவர் உடனே சிவப்பைக் குழைப்பர். ஆனால் சான்றுகள் வேறு கூறுகின்றன. 1946 இல் அக்கம்பனி தன் விரைவு எஞ்சின்களுக்குத் தேர்ந்தது செங்கோடும் வைக்கோல் நிறக் கோடுமிட்ட பளபளப்பான கறுப்பையே. 1947 டிசம்பரில், தன் ஆயுளின் இறுதி மாதத்தில், 10000 என்னும் எண்ணுடைய டீசல் எஞ்சினை வெளியிட்டபோதும் அதற்குக் கறுப்பும் வெள்ளி நிறமுமே பூசிற்று. இவற்றின்படி, கற்பனை எஞ்சின் கறுப்பாதல் வேண்டும். மறுதரப்புக்கும் ஒரு சான்றுண்டு. நாட்டுடைமைக்குப் பின், 1950களின் பிற்பகுதியில், அக்கம்பனி கட்டிய பெரிய எஞ்சின்கள் சில மீண்டும் செந்நிறம் பெற்றன. அந்நிறத்தின்மேல் மக்களுக்கிருந்த பற்று அற்றுவிடவில்லை என்பது அதனாற் புலனாம். இருசாராரும் தத்தம் எஞ்சினைத் தீட்டலாம். காரணங் கூறாது தீட்டுபவரே இங்கு தோற்றவர்.

உண்மை வரலாறு இக்கற்பனைகளை விஞ்சிய இடங்களும் உள. 1870 இல் பிரைட்டன் கம்பனியின் எஞ்சின் பொறுப்பை ஏற்ற வில்லியம் ஸ்ட்ரௌட்லி, தம் எஞ்சின்களுக்குப் பூசிய பொன்மஞ்சட் காவியை "திருந்திய பச்சை" என அழைத்தார்! அவர் நிறங்களைப் பிரித்தறியமாட்டாதவரோ என ஐயுற்றவரும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் மேற்குப் பகுதியின் டீசல் எஞ்சினான டி 1015 பொன்மஞ்சட் காவி பூசிய நிலையில் வெளிவந்தது. அவ்வகுப்பின் முதல் எஞ்சினோ பாலைவன மணலின் நிறம் பெற்றது. இவற்றைச் சிற்றுருவம் செய்வோன் எவனேனும் கற்பனையாற் செய்திருப்பின் நண்பர்கள் நகைத்திருப்பர்.

இனிச் செய்முறை. முதலில் மேலுடலைச் சக்கரங்களும் மோட்டாரும் உள்ள அடிச்சட்டத்தினின்றும் பிரித்தெடுத்தல் வேண்டும். பிளாஸ்டிக் உடலின் பழைய வண்ணத்தை ஐசோபுரொப்பைல் மதுசாரத்தாற் கரைப்பர். கண்ணுக்குத் தெரியாத உட்புறத்திற் சோதித்துப் பார்த்தபின்னரே இதனைக் கையாளவேண்டும். உலோக உடலுக்கு உதவும் கடுங்கரைப்பான்கள் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். பின்பு சவர்க்கார நீராற் கழுவி உலர்த்தி, அடிப்பூச்சிட்டு, மெல்லிய பல படைகளாக நிறத்தை ஏற்றுவர். தடித்த ஒரே பூச்சு தறையாணிகளையும் நுண்விளிம்புகளையும் மூடிவிடும். இரு நிறங்கள் வரின், வெளிறியதை முன்னும் இருண்டதைப் பின்னுந் தீட்டுவர். சிறு பொருளில் நிறம் கருமையாகத் தோன்றுமாதலின், உண்மை நிறத்தோடு சிறிது வெள்ளை கலப்போரும் உளர்.

கோடிடுதலே கடினமானது. பிரித்தானியாவிற் பெருவழக்கான ஓ.ஓ. அளவில் ஓர் அடி 4 மில்லிமீற்றராகச் சுருங்குகின்றது. உண்மை எஞ்சினில் அரை அங்குல அகலமுள்ள கோடு, சிற்றுருவில் ஒரு மில்லிமீற்றரின் ஆறிலொரு பங்கே. படவரைஞரின் கோடிடும் பேனாவால் இதனை இழுப்பர். கை நடுங்கினால் ஈரமுலருமுன் துடைத்தெடுப்பர். எழுத்துக்கள் நீரில் ஊறவைத்து நழுவவிடும் ஒட்டுப்படங்களாக வருகின்றன. பளபளப்பான பரப்பிலேயே இவற்றை ஒட்டவேண்டும். மங்கலான பரப்பில் அடியிற் காற்றுச் சிக்கி, எழுத்தைச் சூழ வெள்ளிபோல் மினுங்கும். அத்தாள்கள் பெரும்பாலும் உண்மைக் கம்பனிகளுக்காக அச்சிடப்படுவன. ஆகவே பலர் கிடைத்த எழுத்துக்களை வெட்டிச் சேர்த்தே தம் கம்பனிக்குப் பெயர் சூட்டுகின்றனர். பெயருக்கேற்ற எழுத்தன்றி, எழுத்துக்கேற்ற பெயர்!

ஒரு மறுப்பை இங்கு குறித்தல் தகும். பழைய தகர எஞ்சின்களுக்கும் வார்ப்பு எஞ்சின்களுக்கும் தொழிற்சாலையிற் பூசிய வண்ணமே உயிர். சேகரிப்போர் அதற்கே விலை கொடுக்கின்றனர். ஒருமுறை கரைத்த வண்ணம் மீளாது. அன்றியும், திறமையாகத் தீட்டிய கற்பனை நிறம் கைமாறிக் கைமாறிச் செல்லும்போது, அறியாத ஒருவர் அதனை அரிய தொழிற்சாலைப் படைப்பெனக் கருதி ஏமாறக்கூடும். இவ்விழப்பு உண்மையானது. ஆதலின், நல்ல வேலையாளர் பழுதுற்ற எஞ்சினையோ ஆயிரக்கணக்கில் உருவான பொது எஞ்சினையோ தேர்கின்றனர். தீட்டி முடித்து மேலுடலை மீளப் பூட்டுமுன், அதன் முன்னைய நிறத்தையும் எண்ணையும் மாற்றிய ஆண்டையும் எழுதிய ஒரு சிறு தாளை உட்கூரையில் ஒட்டிவிடுகின்றனர்.